கஞ்சியைக் கரைக்கும் காளான்

எங்கள் அகத்தில் காளான் என்ற சொல்லைக்கூட உள்ளே கொண்டுவரக் கூடாது. வெங்காயமும் பூண்டுமே வாசல்படி தாண்டாத ஸ்ரீரங்கத்து வீடு அது. அந்த வீட்டில் பிறந்த நான், இருபத்தைந்து வயதில், காளானைத் தவிர வேறொன்றையும் நினைக்காதவளாக இருந்தேன். இதைச் சொன்னால் என் பேத்திகள் இப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கென்ன. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியின் ரசாயனக் கூடத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஊரெங்கும் தொழிற்சாலைப் பேச்சாக இருந்த காலம். எங்கள் பேராசிரியருக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியிருந்தது. ஆனால் அவர் நினைத்தது இரும்பை அல்ல, கஞ்சியை.

துணி நெய்வதற்கு முன், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்துபோகாமலிருக்கக் கஞ்சி ஏற்றுவார்கள். நெய்து முடித்தபின் அந்தக் கஞ்சி முழுக்கப் போனால்தான் சாயம் சீராகப் பிடிக்கும். வெந்நீரில் அலசினால் பாதிதான் போகும். அமிலம் சேர்த்தால் நூலே இற்றுவிடும். மில்காரர்கள் வெளிநாட்டிலிருந்து தகர டப்பாவில் வரும் ஒரு பொடியைத்தான் நம்பியிருந்தார்கள். அந்தப் பொடியில் இருந்தது ஒரு நொதி. என்ஸைம் என்று நாங்கள் சொல்வோம். அது கஞ்சியை மட்டும் துண்டு துண்டாக நறுக்கிக் கரைத்துவிடும், நூலைத் தொடாது. இறக்குமதிக்குக் கெடுபிடி வந்தபிறகு அந்த டப்பா குதிரைக் கொம்பாகிவிட்டது.

"மழை பெஞ்சா நம்ம ஊர்ல காளான் முளைக்குது. ஜனங்க காலங்காலமா சாப்பிடறாங்க, அதனால விஷமில்லை. அதுக்குள்ள இந்த நொதி இருக்கான்னு பாரும்மா" என்றார் பேராசிரியர். அவ்வளவுதான். என் தலையெழுத்து அந்த ஒரு வாக்கியத்தில் முடிந்தது.

சோதனை சுலபம். காளானை அரைத்துச் சாறு பிழிந்து, அதைக் கஞ்சித் தண்ணீரில் கலந்து, சற்றுப் பொறுத்து ஒரு சொட்டு அயோடின் விட வேண்டும். கஞ்சி மிச்சமிருந்தால் கருநீலம் வந்து நிற்கும். நொதி கஞ்சியைத் தின்று தீர்த்திருந்தால் நீலம் வராது. மார்க்கெட்டில் கூறுகட்டி விற்ற காளான், வைக்கோல் போரில் முளைத்தது, மாந்தோப்பில் முளைத்தது என்று எது கிடைத்தாலும் பிழிந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் நீலம். சாயங்காலம் வீடு திரும்பினால் அம்மா கொல்லைக் கிணற்றடியிலேயே நிறுத்திவிடுவாள். "புடவையோட தீர்த்தமாடிட்டு உள்ள வா. என்ன கண்றாவியைத் தொட்டயோ" என்பாள். அந்த இரண்டு வருஷமும் நான் ஈரத்தலையோடுதான் இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

கடைசியில் ஒரே ஒரு காளான் மசிந்தது. முக்கொம்புக்குப் போகும் வழியில், ஒரு வாழைத் தோட்டத்தின் ஓரமாக, வேப்பமரத்தடியில் ஆளுயரக் கரையான் புற்று ஒன்று இருந்தது. ஐப்பசி மழையில் இடி இடித்த மறுநாள் அதில் முளைத்து, கூடத்துப் பியூன் பறித்து வந்த வெள்ளைக் காளானின் சாற்றைக் கஞ்சியில் விட்டேன். அயோடின் விட்டேன். நீலம் வரவில்லை. கை தவறியிருக்கும் என்று மறுபடி செய்தேன். அப்போதும் வரவில்லை. நான் கூடத்தில் கத்திய கத்தலுக்குப் பக்கத்து அறையிலிருந்து பேராசிரியர் தீ பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடிவந்தார்.

ஆனால் மில்லுக்கு நொதி வேண்டுமென்றால் மழைக்கும் இடிக்கும் காத்திருக்க முடியாது. காளானைக் கண்ணாடிக் குழாயில் வளர்த்தாக வேண்டும். விரியாத மொட்டாகப் பறித்து, அதன் உள்சதையில் ஒரு துளி எடுத்து, உருளைக்கிழங்குக் கூழின்மேல் வைத்தால், அதிர்ஷ்டமிருந்தால் பஞ்சுபோல வளரும். மொட்டு பச்சையாக இருக்க வேண்டும், வெந்நீர் பட்டால் எல்லாம் செத்துவிடும். அந்த வருஷம் எனக்கு ஒரு குழாயில் வளர்ந்தது. அதை நான் பார்த்துக்கொண்டதுபோல என் பிள்ளைகளைக்கூடப் பின்னாளில் பார்த்துக்கொண்டதில்லை. சித்திரை வெயிலில் பச்சைப் பூஞ்சணம் வந்து அதை மூடியது. வேறு புற்றுகளைத் தேடி அலைந்தேன். எதிலும் அந்த நொதி இல்லை. அதே புற்றில் அடுத்த ஐப்பசியில் முளைத்தால்தான் உண்டு என்றாயிற்று.

அதற்குள் அகத்தில் ஜாதகம் வந்துவிட்டது. பிள்ளைக்குப் பம்பாயில் உத்தியோகம். அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"இந்த ஐப்பசியில உன் காளான் கெடச்சுடுத்துன்னா மேல படி. டாக்டர் பட்டம் வாங்கு. நான் குறுக்க நிக்கலை. கெடைக்கலேன்னா பம்பாய்க்குச் சரின்னு எழுதிடுவேன். சம்மதமா?"

கத்துகிற அப்பாவாக இருந்தால் எதிர்த்துக் கத்தியிருக்கலாம். நியாயமாகப் பேசுகிற அப்பாவிடம் என்ன செய்வது? பேராசிரியருக்கும் கல்லூரி கொடுத்த காலம் அந்த மழையோடு முடிகிறது. காட்ட ஒரு குழாய் இருந்தால் நீட்டிப்புக் கேட்கலாம். ஆகமொத்தம் அவருக்கும் எனக்கும் எதிர்காலம் என்பது ஒரு மொட்டுக் காளான். சம்மதம் என்று தலையாட்டினேன்.

ஆவணியிலேயே புற்றுக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பஸ், அங்கிருந்து முக்கொம்பு பஸ், பிறகு வரப்பில் நடை. அந்தத் தோட்டத்துக்காரரின் மனைவி, நாற்பத்தைந்து வயதிருக்கும், களை பறித்துக்கொண்டே என்னைக் கவனிப்பார். தோட்டத்தம்மா என்றே நான் அவரைக் கூப்பிடுவேன். நல்ல மனுஷி. போனவுடன் இளநீர் வெட்டிக் கொடுக்காமல் விடமாட்டார்.

இனி அவர் கண்ணால் என்னைப் பார்க்க வேண்டும். அப்போது எனக்கு அது தோன்றவே இல்லை. நான் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிடுவேன், செருப்பு மண்ணோடு வேறு பூஞ்சணம் வந்துவிடக் கூடாதே என்று. புற்றின்முன் மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, அதன் கண்ணில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்ப்பேன். உள்சூட்டை மறந்துபோகாமலிருக்க வாய்க்குள் முணுமுணுத்துக்கொள்வேன். பிறகு எங்கேயாவது விரிசல் கண்டிருக்கிறதா என்று புற்றைச் சுற்றி வருவேன். நான் கோயில் ஊர்ப் பெண். எதைச் சுற்றினாலும் எனக்கு வலமாகத்தான் சுற்ற வரும். ஆடு மிதிக்காமலிருக்க நாலு குச்சி நட்டுக் கூடத்திலிருந்து கொண்டுபோன நூல்கயிற்றையும் கட்டினேன்.

ஒருநாள் தோட்டத்தம்மா கேட்டார். "பாப்பாவுக்கு வயசு என்ன ஆகுதுங்க?"

"இருபத்தஞ்சு."

"கல்யாணம்?"

"இன்னும் ஆகலை."

"அதானே பாத்தேன்" என்று தலையாட்டிவிட்டு அவர் களைக்குத் திரும்பினார். நானும் தெர்மாமீட்டருக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் போனபோது என் புற்றின் தலையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்திருந்தது. நூல்கயிற்றில் மஞ்சள் துணி முடிந்திருந்தது. அடியில் முட்டை, பக்கத்தில் பால் வழிந்து காய்ந்த தடம். நாக தோஷத்தால் கல்யாணம் தட்டிப்போகிற பெண் புற்றுக்குப் பால் ஊற்றுவது ஊர் வழக்கம். ஐயங்கார் வீட்டுப் பெண் ஒருத்தி, பாவம், வெட்கத்தில் பால் செம்பைக்கூடக் கொண்டுவராமல், தனியாக வந்து மண்டியிட்டு மந்திரம் சொல்லிச் சுற்றிவிட்டுப் போகிறாள் என்று அவர் மனம் கரைந்திருக்கிறார். அந்தப் பெண்ணுக்காகத் தானே பால் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்.

"ஐயோ, நான் அதுக்கு வரலைங்க!" என்றேன். "காளானுக்கு வர்றேன். இந்தப் புத்துல முளைக்கிற காளானுக்கு."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அத்தனை கனிவு. "உங்க வீட்ல காளானா? நீங்க அதப் பாத்தாலே குளிப்பீங்களே. என்கிட்ட என்னங்க வெக்கம்?"

"திங்கிறதுக்கு இல்லைங்க. அதுக்குள்ள ஒரு சத்து இருக்கு. துணியில இருக்கற கஞ்சியைக் கரைக்கும்."

"கஞ்சி எடுக்கவா? வெந்நீர்ல நாலு தப்பு தப்பினா போயிடுமே" என்றார். "விடுங்க பாப்பா. வரவேண்டியது வரும்."

என் கல்லூரிப் படிப்பு முழுவதும் அந்த வரப்பில் ஒன்றுக்கும் உதவவில்லை. நான் சொன்ன உண்மைதான் உலகத்திலேயே நம்ப முடியாத பொய்யாக இருந்தது. வேறு எந்த வீட்டுப் பெண் சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்.

கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதை எல்லாருக்கும் தெரியும். இந்தப் புற்றில் பாம்புக்குப்பின் ஊரே குடியேறியது. வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து ஊர்ப் பெண்கள் செம்போடு வர ஆரம்பித்தார்கள். கல்யாணமாகாத இரண்டு பெண்களை அழைத்து வந்து, என்னைக் காட்டி, "அந்தக்கா சுத்தற மாதிரி சுத்து" என்றார்கள். நான் இடமாகச் சுற்றிப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். தைரியம் வரவில்லை.

வாழை இலை விற்கும் பெண் வழியாகச் செய்தி ஸ்ரீரங்கத்துக்கும் வந்து சேர்ந்தது. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"மனசுக்குள்ள இத்தனை ஏக்கத்தை வெச்சுண்டு காளான் காளான்னு சொல்லிண்டிருந்தயாடி? எங்கிட்ட சொல்லப்படாதா?"

"அம்மா, சத்தியமா காளான்தான்மா."

"சரி, சரி. நம்மாத்துல பெருமாளைத் தவிர வேற யாரையும் சேவிக்கற வழக்கமில்லை. ஆனா யோசிச்சுப் பார்த்தேன். நம்ம பெருமாளே ஆதிசேஷன்மேலதான் பள்ளிகொண்டிருக்கார். ஒண்ணும் தப்பில்லை." மறுநாள் முதல் கிளம்பும்போது ஒரு தூக்கில் பால் கொடுத்தனுப்பினாள். அதை நான் பஸ் ஸ்டாண்டிலேயே குடித்துவிடுவேன். கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும்.

எனக்கு ஒரே பயம், பாலும் மஞ்சளும் ஊறி ஊறிப் புற்றுக்குள்ளே இருக்கும் காளானின் வேர் அழுகிவிடுமோ என்பதுதான். பேராசிரியரிடம் போய் அழுதேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "நானே வந்து அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன்" என்றார். கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். வெள்ளிக்கிழமை என்பதை இருவரும் மறந்துவிட்டோம். பெண்கள் கூட்டம் நின்றது. அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் தோட்டத்தம்மா, "பொண்ணோட அப்பாங்களா? நல்லவேளை வந்தீங்க. பெத்தவங்க கையால ஊத்தினா சீக்கிரம் பலிக்கும்" என்று செம்பை அவர் கையில் வைத்துவிட்டார்.

வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர், நூறு பையன்களை ஒரு பார்வையில் அடக்குகிற மனிதர், அந்தச் செம்பைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டுப் பாலை ஊற்றினார். எங்கள் ஒரே புற்றின்மேல், ஒரு சொட்டு மிச்சமில்லாமல்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்னம்மா பண்றது" என்றார் கடைசியில். "அத்தனை பேர் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க." நெற்றியில் அவர்கள் வைத்த குங்குமம் அப்படியே இருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் மழை கஞ்சத்தனம் பண்ணவில்லை. இடி இடித்த இரவெல்லாம் எனக்குத் தூக்கம் கிடையாது, விடிந்ததும் முதல் பஸ். சுத்தமாகத் துடைத்த கத்தி, மூடிய கண்ணாடிக் குழாய்கள், பஞ்சு, எல்லாம் பையில் தயாராக இருக்கும். வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போவேன். புற்றடியில் அன்று காலைதான் சாணி தெளித்து மெழுகிக் கோலம் போட்டிருக்கும். ஒரு புல்கூட இருக்காது. காளான் இருக்காது. நான் மண்டியிட்டுத் தடவித் தடவிப் பார்ப்பேன். பக்கத்து வரப்பிலும் வைக்கோலிலும் ஒன்றுக்கும் உதவாத காளான்கள் குடை விரித்து நிற்கும். என் புற்று மட்டும் மொட்டைத் தலையாக இருக்கும். பாலும் மஞ்சளும் வேரை அழித்துவிட்டன என்று முடிவு செய்துகொண்டேன். யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எனக்காக வேண்டிக்கொண்டவர்களிடமா?

மழை ஓய்ந்து வெயில் நிலைத்தது. இனிமேல் முளைக்காது என்று தெரிந்த பிறகும் கடைசியாக ஒருமுறை போனேன், சொல்லிவிட்டு வர. தோட்டத்தம்மா இளநீர் வெட்டினார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னங்க பாப்பா, ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க. இந்த வருஷம் இந்தப் புத்துல காளான் முளைக்கவே இல்லை."

"முளைக்காம எங்க போச்சு?" என்றார் அவர். சாதாரணமாகத்தான் சொன்னார். "கொத்துக் கொத்தா முளைச்சுதே. ஒவ்வொரு இடிக்கும் அப்படி முளைச்சுது, போன வருசத்துக்கு மேலயே."

"எங்க? நான் பாக்கலையே."

"நீங்க எப்படிப் பாப்பீங்க? நான்தான் விடியறதுக்குள்ள எந்திரிச்சு ஒண்ணு விடாமப் புடுங்கி, மெழுகிக் கோலம் போட்டுருவேனே." அவர் குரலில் பெருமையிருந்தது. "நீங்க வந்து கும்பிடற இடம். உங்க வீட்டுக்கு அது ஆகாது. அதக் கண்ணால பாத்து, மனசு கோணி, வேண்டுதலுக்கு ஒரு குறை வந்துரக் கூடாதுல்ல? மொட்டாத் தலை தூக்கும்போதே எடுத்துருவேன். இடுப்பு ஒடிஞ்சு போச்சுங்க எனக்கு, இந்த ஐப்பசில."

மொட்டாகவே எடுத்திருக்கிறார். எனக்கு எப்படி வேண்டுமோ அப்படியே.

"எடுத்து... என்ன பண்ணீங்க?"

"கொழம்பு வெச்சோம்."

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இங்கே வாய்க்கெல்லாம் எட்டிவிட்டது, என் கைக்குத்தான் எட்டவில்லை. நான் இளநீரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வரப்பில் உட்கார்ந்தேன். கத்த வேண்டும்போல இருந்தது. அவர் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சளும் சாணியும் படிந்து வெடித்திருந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும், உறவில்லாத யாரோ ஒரு பெண்ணுக்காக, இருட்டில் எழுந்து குனிந்த கை. என்னால் என்ன சொல்ல முடியும்? நான்தான் அப்போதே சொல்லிவிட்டேனே.

"கொஞ்சமாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். பைத்தியக்காரக் கேள்வி. மழை நின்று எத்தனையோ நாளாகியிருந்தது. ஆனால் அவர் எழுந்து தோட்டத்து வீட்டுக்குள் போய், வேகவைத்து மஞ்சள் உப்புப் போட்டுக் காயவைத்த வற்றல் கொஞ்சம் எடுத்து வந்தார். என்னை விசித்திரமாகப் பார்த்தார். "பாப்பா, நெசமாவே காளானுக்குத்தான் வந்தீங்களா?" என்று கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. "மசக்கைக்காரங்க யாருக்காச்சுமா?" என்றார்.

அந்த வற்றலைக் கூடத்துக்குக் கொண்டுபோய் ஊறவைத்து அரைத்துப் பிழிந்தேன். வெந்த காளானில் நொதி உயிரோடு இருக்காது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேராசிரியருக்கும் தெரியும். இருந்தாலும் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கஞ்சியில் கலந்தேன், பொறுத்திருந்தேன், அயோடின் விட்டேன். கருநீலம். அவர் அயோடின் பாட்டிலை மூடி வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அப்பா கேட்பதற்கு முன்பே நானே சொல்லிவிட்டேன், பம்பாய்க்கு எழுதுங்கள் என்று. அவர் எழுதினார்.

தை மாதம் கல்யாணம். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வாசலில் பந்தல். மாப்பிள்ளை நல்ல மனிதர். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை, பிற்பாடும் இருந்ததில்லை. அம்மா வாழை இலைக்காரியிடம் சொல்லியனுப்பியிருந்ததால் தோட்டத்தம்மாவும் வந்திருந்தார். புதுப்புடவை கட்டிக்கொண்டு, உள்ளே வரத் தயங்கிப் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். தாலி ஏறியதும் நானே எழுந்து வெளியே போனேன்.

"பலிச்சிருச்சு பாத்தீங்களா!" என்றார். "நம்ம புத்து கைவிடலைங்க. அந்த ரெண்டு பொண்ணுல ஒண்ணுக்கும் கூடி வந்துருக்கு. சுத்துப்பட்டு ஜனமெல்லாம் வருது இப்ப. சீமை ஓடு போட்டுக் கொட்டகை கட்டப் போறாங்க."

மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே புற்றுமண். ஈரமாக, கருப்பாக, கையிலெடுத்தால் எனக்கு நன்றாகத் தெரிந்த அதே வாசனை. அந்த மண்ணில் எங்கேயோ என் காளான் உயிரோடுதான் இருந்தது. மூன்றாம் நாள் எனக்குப் பம்பாய் ரயில். அவர் விரலால் கொஞ்சம் தொட்டு என் நெற்றியில் இட்டார்.

நான் அழுதேன். அத்தனை பேர் நடுவில், தேம்பித் தேம்பி அழுதேன். ஆனந்தத்தில் அழுகிறாள் என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தோட்டத்தம்மாவும் அழுதுகொண்டே தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். துடைத்ததில் மண் அழிந்துவிட்டதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் எடுத்து மறுபடியும் வைத்தார்.